அட்டை பார்க்கிற நேரம்

பவளத்தை அட்டை கடித்தால் அவளுக்குத் தெரியாது. அந்தத் தேயிலைத் தோட்டத்தில் இது ஊரறிந்த சேதி. மற்றப் பெண்கள் காட்டோர நிரையில் கொழுந்து எடுக்கப் போனால் அரை மணிக்கு ஒருதரம் குதிப்பார்கள், காலை உதறுவார்கள், அட்டையின் ஏழு தலைமுறையையும் சேர்த்துத் திட்டுவார்கள். பவளம் மட்டும் இரண்டு கையும் ஓயாமல் கிள்ளிக்கொண்டே போவாள். கெண்டைக்காலில் மூன்று அட்டை தொங்கினாலும் அவளுக்கு லட்சியமில்லை. அதனாலேயே கங்காணி முனியாண்டி வருஷம் பூராவும் காட்டோர நிரையை அவள் தலையில் கட்டினார். "இரும்புக் காலு புள்ள உனக்கு! மத்தவளுங்க ஆடுற ஆட்டத்துக்குக் கூத்துக் கொட்டாயே போடலாம்" என்பார். பவளத்துக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான். நாற்பது வயசுத் தோட்டத்துப் பொம்பிளைக்குப் பெருமைப்பட வேறு என்ன கிடக்கிறது, சொல்லுங்கள்.

பதினோரு மணி நிறுவைக்குக் கூடைகள் வந்து சேரும். நிறுவை முடிந்ததும் தகரக் கொட்டகைக்குள் பெண்கள் சோடி சோடியாக உட்கார்ந்து, ஒருத்தி காலை ஒருத்தி மடியில் வைத்துக்கொண்டு அட்டை பார்ப்பார்கள். தன் காலைத் தானே பார்த்தால் பாதி தப்பிவிடும். முழங்கால் மடிப்பு, குதிகாலுக்குப் பின்பக்கம், தொடைக்கு மேலே ஏறிவிட்டது எல்லாம் அடுத்தவள் கண்ணுக்குத்தான் அகப்படும். உப்பும் புகையிலைத் தூளும் சேர்த்து முடிந்த துணிப் பொட்டலம் ஒவ்வொருத்தி இடுப்பிலும் இருக்கும். அதை நனைத்து ஒற்றினால் அட்டை சுருண்டு விழுந்துவிடும். யாருக்கு யார் சோடி என்பது கல்யாணம் மாதிரி, லேசில் மாறாது. பவளத்துக்கு மணியம்மா சோடி. பதினேழு வருஷமாய் இந்தக் கால் அந்த மடியில், அந்தக் கால் இந்த மடியில்.

"ஏண்டி, இங்க ஒரு அட்டை வீடு கட்டிக் குடியே வந்திருச்சுடி. பால் காய்ச்சறப்ப என்னையக் கூப்புட்டிருக்கக் கூடாது?" என்பாள் மணியம்மா.

"இருந்துட்டுப் போவுது லா. உம்மவன் லாரியில ஏத்துற முட்டைக்கோசுல புழு குடியிருக்கல?"

"எம்மவனப் பேசாத. தை பொறக்கட்டும், மாப்ள முறுக்கோட வந்து நிப்பான். அப்ப இருக்கு உனக்கு."

மணியம்மாவின் மகன் கந்தன் பக்கத்து ஊர் திரிங்காப்பில் காய்கறி லாரி ஓட்டுகிறான். பவளத்தின் மகள் நீலாவதி தொழிற்சாலையில் தூள் சலிக்கிறாள். இரண்டும் தாங்களாகவே பார்த்து முடிவு பண்ணிக்கொண்டன. தாய்மார்கள் இரண்டு பேரும் ஒன்றும் தெரியாத மாதிரி ஒரு மாசம் இருந்துவிட்டு, பிறகு ஒரே நாளில் சம்பந்தியானார்கள். தை மாசம் பரிசம் என்று பேச்சு.

அந்த இரும்புக் காலில்தான் ஒன்றரை வருஷமாய் ஒரு புண். வலது பாதத்தில், பெருவிரலுக்குக் கீழே, ஒரு பொட்டுக்கடலை அளவுக்கு. ஆறுகிற மாதிரி இருக்கும், மறுபடி வாய் திறக்கும். வலியில்லாத புண்தானே என்று அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மணியம்மா திட்டித் திட்டித்தான் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாள்.

அங்கே இரண்டு வாரத்துக்கு ஒரு புதன்கிழமை டாக்டர் நல்லுசாமி வருவார். நல்ல மனுஷர். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், பின்னால் வருகிறதைக் கேட்டுவிட்டு யாரும் அவரை ஏசக் கூடாது. அவர் அப்பா ரப்பர் மரம் சீவினவர், அம்மா பால் சுமந்தவள். தோட்டத்து ஜனம் என்றால் அவருக்கு உயிர். பிள்ளைகளுக்கு மிட்டாய், கிழவிகளுக்குக் கம்பளிச் சட்டை என்று கார் நிறையக் கொண்டுவருவார். பவளத்தைக் கண்டதும் அவர் முகம் வாடிவிடும்.

"என்ன தாயி, இன்னும் ஆறலியா? இந்த மழையிலயும் குளிர்லயும் உங்களப் போட்டு வதைக்கிறாங்களே. உன்னப் பாத்தா எங்கம்மா ஞாபகம் வருது தாயி." கண் கலங்கிக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

"விடுங்கய்யா. எங்களுக்குப் பழகிப்போச்சு. நீங்க மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க" என்று பவளம் அவரைத் தேற்றுவாள். அவர் முதுகைத் தடவிக்கொடுக்காத குறைதான். சத்து ஊசி, வெள்ளைக் களிம்பு, இரண்டு நாள் லீவுக்குச் சீட்டு. புண்ணைக் கழுவிக் கட்டுவது அடுத்த அறையில் டிரெஸர் ராமையாவின் வேலை. ஒன்றரை வருஷத்தில் டாக்டரின் பார்வை பவளத்தின் முகத்தை விட்டு ஒருநாளும் காலுக்கு இறங்கவில்லை.

எழுபத்தெட்டாம் வருஷம் புரட்டாசியில் நல்லுசாமி இரண்டு மாசம் இந்தியாவுக்குக் கோயில் குளம் பார்க்கப் போனார். அவர் இடத்துக்கு வந்தவள் டாக்டர் உஷா. இருபத்தெட்டு வயசு இருக்கும். ஒல்லி உடம்பு, குட்டை முடி, சிரிப்பு என்பது மருந்துக்கும் கிடையாது. முதல் புதன்கிழமை வரிசையில் நின்ற பெண்கள் ஆளுக்கொரு முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் வெளியே வந்தார்கள். "வா, உக்காருன்னு ஒரு வார்த்த சிரிச்சுப் பேசல லா. போலீஸ் டேசன்ல விசாரிக்கிற மாதிரி விசாரிக்குது" என்றாள் ஒருத்தி.

பவளத்தையும் விசாரித்தாள்.

"மொதல்ல நடங்க. அந்தச் செவரு வரைக்கும் போயிட்டு வாங்க."

பவளம் நடந்தாள். இது என்னடா கூத்து என்று ராமையாவைப் பார்த்தாள்.

"காலையில எந்திரிச்சதுல இருந்து படுக்குற வரைக்கும் என்ன செய்வீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

"காலு புண்ணுன்னு வந்தேன் டாக்டரம்மா."

"தெரியும். சொல்லுங்க."

சொன்னாள். நாலரைக்கு எழுந்து அடுப்பு மூட்டுவது, ஆறு மணிக்குப் பெரட்டுக் களத்தில் வரிசையில் நின்று பேர் கொடுப்பது, ரப்பர் சப்பாத்து, இடுப்பில் சாக்கு, காட்டோர நிரை. "மத்தவங்க அங்க நிக்க மாட்டாங்க, அட்டை ஜாஸ்தி. எனக்கு ஒண்ணும் பண்ணாதுங்க. நான் இரும்புக் காலு." பேச்சோடு பேச்சாகப் பெருமையையும் அடித்துவிட்டாள்.

எழுதிக்கொண்டிருந்த உஷாவின் பேனா நின்றது. "ஒண்ணும் பண்ணாதுன்னா? கடிக்காதா, கடிச்சாத் தெரியாதா?"

"கடிக்கும். தெரியாது."

அன்றைக்கு உஷா ஊர் திரும்பாமல் ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டாள். மறுநாள் காலை பத்து மணிக்கு, மழைத் தூறலில், குடை பிடித்துக்கொண்டு காட்டோர நிரைக்கே வந்து நின்றாள். அதுவும் டவுனில் போடுகிற வார் செருப்போடு. முனியாண்டி கங்காணி பதறிப்போய், "டாக்டரம்மா, இங்கல்லாம் வரப்படாது, அட்டை" என்று முடிப்பதற்குள் "அம்மா!" என்று ஒரு கத்தல். காலை உதறுகிறாள், குதிக்கிறாள், குடை ஒருபக்கம் பறக்கிறது. பெண்கள் கூடைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார்கள். மணியம்மா ஓடிவந்து பொட்டலத்தை ஒற்றி எடுத்துவிட்டாள். கணுக்காலில் ஒரு கோடு ரத்தம்.

உஷா தன் காலைப் பார்த்தாள். பிறகு பவளத்தின் காலைப் பார்த்தாள். சப்பாத்துக்கு மேலே, கெண்டைக்காலில், ரத்தம் குடித்து உப்பிய நாலு அட்டை. பவளமோ கொழுந்து கிள்ளிக்கொண்டே டாக்டரம்மாவின் ஆட்டத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வாங்க. தனியா வாங்க" என்றாள் உஷா.

மறுநாள் பவளத்தைக் கண்ணை மூடச் சொன்னாள். "பஞ்சால தொடுவேன். தொட்ட எடத்த வெரலால காட்டுங்க." பவளம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். கையில் தொட்டதைக் காட்டினாள், தோளில் தொட்டதைக் காட்டினாள். பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. தகரக் கூரையில் மழை சத்தம் மட்டும் கேட்டது.

"என்ன டாக்டரம்மா, இன்னும் தொடலியே?"

பவளம் கண்ணைத் திறந்தாள். பஞ்சு அவள் பாதத்தின் மேல்தான் இருந்தது. பக்கத்தில் நின்ற ராமையா தலையைத் திருப்பிக்கொண்டார். பிறகு இடுப்புச் சாக்கு மறைக்கிற இடத்தில், ஒரு காசு அகலத்துக்கு வெளிறிக் கிடந்த தேமலை உஷா தொட்டுப் பார்த்தாள், ஊசியாலும் குத்திப் பார்த்தாள். அங்கேயும் ஒன்றும் தெரியவில்லை.

பேரைச் சொல்லாமல் சுற்றி வளைக்கவில்லை உஷா. நேராகவே குஷ்டம் என்று சொன்னாள்.

பவளத்துக்கு அந்தப் பேர் தெரியும். ஆறு வயசில் பார்த்திருக்கிறாள். அவள் சித்தியை ஒரு மூடின வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கீழ்நாட்டில் வேலி போட்ட ஆஸ்பத்திரியாம். சித்தியின் பாய், துணி, சட்டிபானை எல்லாவற்றையும் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் போட்டுக் கொளுத்தினார்கள். அந்தக் குடும்பத்தின் பேரையே பிறகு யாரும் வாயால் சொல்லவில்லை. பெருவியாதிக்காரி வீடு என்றுதான் சொன்னார்கள்.

"என்னைய அனுப்பிறாதீங்க டாக்டரம்மா! எம்மவளுக்குத் தையில பரிசம். ஐயோ, அது வாழ்க்க போயிருமே!" காலில் விழப் போனவளை உஷா தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"இப்பல்லாம் யாரையும் கொண்டுபோயி அடைக்கறதில்ல. வீட்டுல இருந்து மாத்திர சாப்பிடலாம். வேலைக்கும் போலாம்."

"நெசமாவா?"

"நெசம்தான். ஆனா பயப்படாதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன். நான் சொன்னா உங்க பயம் போயிடுமா?" பிறகு, "இது வெளிய தெரிஞ்சா யாருகிட்ட இருந்து உங்களுக்கு மொதல் அடி விழும்?" என்று கேட்டாள்.

இப்படி ஒரு கேள்வியை எந்த டாக்டரும் கேட்டதில்லை. பவளம் யோசிக்காமலே சொன்னாள். "மணியம்மா."

இரண்டு பேருமாக உட்கார்ந்து யோசித்தார்கள். வீட்டு ஆட்களையும் பக்கத்தில் புழங்குகிறவர்களையும் கட்டாயம் பார்த்தாக வேண்டும் என்றாள் உஷா. வீட்டை மட்டும் பார்த்தால் சந்தேகம் வரும் என்றாள் பவளம். "அப்ப எல்லாரையும் பாத்துடுவோம்" என்றாள் உஷா. அடுத்த வாரம் லயம் முழுக்கத் தேமலும் சிரங்கும் பார்க்கப் போவதாகக் தோட்டத்து ஆபீஸ் கிராணி மூலம் சொல்லி அனுப்பினாள். இரண்டு நாள், குழந்தை குட்டியிலிருந்து கங்காணி வரைக்கும் சட்டையைக் கழற்றிக் காட்டினார்கள். பவளத்தின் புருஷன் சின்னக்கருப்பன், நீலாவதி, மணியம்மா, கந்தன், யாருக்கும் ஒன்றுமில்லை. மணியம்மாவுக்குப் படை மட்டும் இருந்தது, களிம்பு கிடைத்தது. பவளத்தின் மாத்திரையை ராமையா மற்றவர்களின் சத்து மாத்திரையைப் போலவே காகித உறையில் மடித்துக் கொடுத்தார். தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் பரிசோதனைக்கு அனுப்பினதன் முடிவும் நல்லபடியாகவே வந்தது. லேசில் ஒட்டாத வகை.

"ஒண்ணு மட்டும் கேட்டுக்கங்க. மாத்திர நோயத்தான் நிறுத்தும். போன உணர்ச்சி திரும்ப வருமான்னு சொல்ல முடியாது. இனிமே உங்க காலுக்குக் கண்ணுதான் காவல். தெனமும் யாராச்சும் பாக்கணும். அட்டை, முள்ளு, கல்லு, கொப்புளம். பாக்காம விட்டா ஒருநாள் வெரல எடுக்க வேண்டி வரும்."

"மணியம்மா பாப்பா" என்றாள் பவளம்.

பார்த்தாள்தான். ஆனால் பவளத்தின் மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. பதினோரு மணிக்கு மணியம்மா மடியில் காலைப் போடும்போதெல்லாம் இதே நினைப்புத்தான். ஒட்டாது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறாள், அது சரி. இவளிடம் சொல்லாமல் காலைக் கொடுக்கிறோமே, அது சரியா? சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பாள். மணியம்மா அதற்குள் பரிசத்துக்கு என்ன கலர்ச் சேலை என்று ஆரம்பித்துவிடுவாள். வீட்டிலும் நிம்மதி கிடையாது. தன் தட்டைத் தனியாக ஒளித்துவைப்பாள். மகள் பார்க்கிறாளோ என்று எடுத்து மறுபடி எல்லாத் தட்டோடும் அடுக்குவாள்.

"என்னடி, குட்டி போட்ட பூன கணக்கா சுத்திக்கிட்டே இருக்கற?" என்றான் சின்னக்கருப்பன். தொழிற்சாலை அடுப்படியில் நின்று நின்று அவன் கண் எப்போதும் சிவந்திருக்கும்.

"சொல்லிறலாம்னு பாக்கறேன். மணியம்மாகிட்ட."

"வேணாம். தை கழியட்டும்."

தைக்கு இரண்டு மாசம் கிடந்தது. தீபாவளி கழிந்த மறு ஞாயிற்றுக்கிழமை நல்லுசாமி வந்துசேர்ந்தார்.

இந்தியாவிலிருந்து திரும்பினதும் மனுஷர் ஆஸ்பத்திரிக்குத்தான் முதலில் போயிருக்கிறார். நோட்டைப் புரட்டியிருக்கிறார். ஒன்றரை வருஷம் தன் கையில் இருந்த பொம்பிளைக்கு இது என்று தெரிந்ததும் அவருக்கு நெஞ்சே வெடித்துவிட்டது. ராமையா, "ஐயா, லைன் பக்கம் இப்பப் போவாதீங்க" என்று சொல்லிப் பார்த்தார். கேட்டால்தானே. ஞாயிற்றுக்கிழமை மதியம், லயம் பூராவும் வீட்டில் இருக்கிற நேரம். சார்டின் குழம்பு கொதிக்கிறது, ரேடியோ பாடுகிறது, பெண்கள் வாசலில் பேன் பார்க்கிறார்கள். வெள்ளைக் கார் வந்து நேராகப் பவளத்தின் வீட்டு முன்னால் நின்றது.

மைலோ டின், பிஸ்கட் டின், புதுக் கம்பளி. எல்லாவற்றையும் டிரைவர் வாசலில் இறக்கி வைத்தான். நல்லுசாமி வீட்டுக்குள் ஏறவில்லை. வாசற்படிக்கு நாலடி தள்ளியே நின்றார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்தப் பெருவியாதி உனக்கா வரணும் தாயி! நான் கும்புட்ட சாமிக்கெல்லாம் கண்ணில்லயா? எப்படித் தாயி தாங்குற?" என்று குலுங்கிக் குலுங்கி அழுதார். நடிப்பில்லை, சத்தியமான அழுகை. லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் கேட்டது.

யாரோ ரேடியோவை நிறுத்தினார்கள்.

பவளத்துக்கு முதலில் வாயில் வந்தது பழக்கதோஷம்தான். "அழுவாதீங்கய்யா. விடுங்க" என்றாள். சொன்ன பிறகுதான் பக்கத்து வாசலைப் பார்த்தாள். மணியம்மா கையில் சீப்போடு எழுந்து நின்றிருந்தாள். பவளம் பார்க்கிறாள் என்று தெரிந்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் தண்ணிக் குழாயில் பவளம் வந்ததும் நாலு பேர் வாளியை எடுத்துக்கொண்டு விலகினார்கள். பெரட்டில் அவளுக்குப் பக்கத்தில் இரண்டு ஆள் இடம் காலி. காட்டோர நிரை மட்டும் வழக்கம்போல அவளுக்குத்தான். பதினோரு மணிக்குக் கொட்டகையில் மணியம்மா வேலாயிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பவளம் ஒரு மூலையில் தன் காலைத் தானே மடக்கிப் பார்த்தாள். நாற்பது வயசு இடுப்பு எவ்வளவு வளையும்? திருப்பித் திருப்பிப் பார்த்தும் பாதி தெரியவில்லை. கந்தனின் லாரி மூன்று நாளாக லயத்துப் பக்கம் நிற்காமல் போனது. நீலாவதி சாப்பிடாமல் படுத்துக் கிடந்தாள். "என்னம்மா பண்ணுவேன் நான்?" என்று ஒருதரம் கேட்டதோடு சரி, ஏசவில்லை. ஏசியிருந்தால் பவளத்துக்குத் தாங்கியிருக்கும்.

"வேற தோட்டத்துக்குப் போயிருவமா?" என்றான் சின்னக்கருப்பன்.

"இந்தக் கால இங்க கழட்டி வச்சுட்டா போவ முடியும்?" என்றாள்.

நல்லுசாமி ஆஸ்பத்திரிப் பொறுப்பை இன்னும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த புதன்கிழமையும் உஷாதான் வந்தாள். பவளம் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. உஷாவே வீட்டுக்கு வந்தாள். வாசலில் பிரிக்காமல் கிடந்த டின்களைப் பார்த்தாள், எல்லாம் தெரிந்த மாதிரி நின்றாள்.

பவளத்துக்கு எங்கே இருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. "வாங்க, நீங்களும் வந்து அழுவுங்க! பாவம் பாவம்னு சொல்லிச் சொல்லியே என்னையக் குழியில தள்ளிட்டீங்க. அவரு அழுதுட்டுக் கார்ல ஏறிப் போயிட்டாரு. இந்த லைன்ல கெடக்கறது நான்தான. ஒன்ற வருசமா அவரு அழுவுறப்பல்லாம் நான் தேத்துனேன். என்னைய யாரு தேத்துறா? டாக்டரு அவரா நானா?"

உஷா வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள். மறுத்துப் பேசவில்லை, அவர் நல்லவர் என்று பரிந்தும் பேசவில்லை. பவளத்துக்கு மூச்சு வாங்கி ஓய்ந்த பிறகு, "நோட்டப் பூட்டி வைக்காம விட்டது என் தப்பு" என்றாள். பிறகு, "காலக் காட்டுங்க" என்றாள்.

புண் அகலித்திருந்தது. ஓரத்தில் அட்டை கடித்த இடம் சீழ் வைத்திருந்தது. அது எத்தனை நாளாய் என்று பவளத்துக்கே தெரியவில்லை. உஷாவின் முகம் மாறியது.

"யாரு பாக்குறா?"

"நானே."

"மணியம்மாகிட்ட நான் பேசட்டுமா?"

"வேணாம்! பாவப்பட்டு எவளும் எங்காலத் தொட வேணாம் டாக்டரம்மா. வெரல் போனா போவட்டும்."

"சரி, பேசல" என்றாள் உஷா. சீழை எடுத்துக் கழுவிக் கட்டிவிட்டு, ஊசி போட்டுவிட்டு, ஒரு வாரத்துக்கு வேலைக்குப் போகக் கூடாது என்று சீட்டு எழுதப் போனாள்.

பவளம் தடுத்தாள். "வீட்டுல குந்திக்கிட்டா அவளுங்க சொல்றது சரின்னு ஆயிரும். நான் மலைக்குப் போவேன்."

உஷா எழுதின சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். டாக்டர் பேச்சை மீறுகிறவளைக் கண்டிக்க வேண்டும் என்றுதான் படித்திருப்பாள். சீட்டைக் கிழிக்கவில்லை, மாற்றி எழுதினாள். காட்டோர நிரை கூடாது, மேட்டுப் பக்கம் சமமான நிரையில் அரை நேரம், கால் நனையக் கூடாது. "இதக் கங்காணிகிட்டக் குடுங்க. நாளைக்குப் பதினோரு மணிக்குக் கொட்டகைக்கு வர்றேன்."

மறுநாள் மழை விட்டிருந்தது, மூடுபனி மட்டும் கொட்டகைக்குள்ளே வரைக்கும் வந்து நின்றது. நிறுவை முடிந்து சோடிகள் உட்கார்ந்தன. உஷா வந்தாள். இந்தத் தடவை ரப்பர் சப்பாத்து. யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் பவளத்துக்கு எதிரில் சாக்கை விரித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவள் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பவளத்துக்கு உடம்பெல்லாம் கூசியது.

"ஐயோ, வேணாங்க டாக்டரம்மா."

"ஆடாதீங்க."

பார்க்க ஆரம்பித்தாள் பாருங்கள், அது ஒரு கண்றாவி. பொட்டலத்தை நனைக்காமல் உலர ஒற்றினாள். உப்பெல்லாம் கொட்டிப்போயிற்று. கெண்டைக்காலில் இருந்த அட்டையை விட்டுவிட்டு ஒரு மச்சத்தைப் பிடித்து இழுத்தாள். முழங்கால் மடிப்பைத் திருப்பியே பார்க்கவில்லை. ஒன்றை ஒருவழியாய் எடுத்தாள். அது அவள் விரலில் ஒட்டிக்கொண்டது, விரலிலிருந்து மணிக்கட்டுக்கு ஏறியது. "அம்மா!" என்று கையை உதறினாள். அட்டை பறந்துபோய் முனியாண்டி கங்காணியின் தலைப்பாகையில் விழுந்தது.

வேலாயிதான் முதலில் சிரித்தாள். பிறகு கொட்டகை பூராவும். சிரிக்கக் கூடாது என்று வாயைப் பொத்தியவர்களுக்கும் அடங்கவில்லை. உஷா காது சிவந்துபோய் மறுபடி குனிந்து தேடினாள். மச்சத்தையேதான் மறுபடியும் பிடித்தாள்.

மணியம்மா சிரிக்கவில்லை. அவள் உட்கார்ந்த இடத்தில் நெளிந்துகொண்டிருந்தாள். பதினேழு வருஷம் பார்த்த கால், எங்கே மச்சம், எங்கே தழும்பு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். கொஞ்ச நேரம் பொறுத்தாள். அதற்கு மேல் முடியவில்லை.

"அட்டையா பாக்கற நீ, ஜோசியமா பாக்கற? தள்ளும்மா அங்கிட்டு!" எழுந்து வந்து டாக்டரை ஒரு இடி இடித்து நகர்த்தி உட்கார்ந்தாள். உட்கார்ந்தாளே தவிர, காலைத் தொடவில்லை. கை அந்தரத்தில் நின்றது. உஷாவைத் திரும்பிப் பார்த்தாள். "நெசத்தச் சொல்லு. ஒட்டுமா?"

"இவங்களுக்கு வந்திருக்கற வக லேசுல ஒட்டாது. மாத்திரையும் சாப்பிடறாங்க. நீங்க பதினேழு வருசம் தொட்டிருக்கீங்க. உங்க உடம்ப நானே பாத்தேன், ஒண்ணுமில்ல."

"உனக்குப் பயமா இல்லியா?"

"மொதல் தடவ ஒரு நோயாளியத் தொட்டப்ப இருந்துச்சு. வீட்டுக்குப் போயி தோலு எரியுற வரைக்கும் கை கழுவுனேன்."

இந்தப் பதில் மணியம்மாவுக்குப் பிடித்துப்போயிற்று போலிருக்கிறது. பொட்டலத்தை நனைத்தாள். காலை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள், மெதுவாக அல்ல, வெடுக்கென்று. முழங்கால் மடிப்பைத் திருப்பி ஒன்று, குதிகாலில் ஒன்று, சப்பாத்து விளிம்புக்குள் ஒளிந்திருந்தது ஒன்று. எடுக்க எடுக்கத் திட்டு.

"பதினேழு வருசம்! எங்கூட்டுக் கொழம்பு உங்கூட்டுல, உங்கூட்டுச் சோறு எங்கூட்டுல. எங்கிட்டச் சொல்லணும்னு உனக்குத் தோணல, இல்ல? கார் வச்சிருக்கற டாக்டரு அழுது நான் தெரிஞ்சுக்கணுமா? வியாதிக்குக் கூட நான் பயப்புடலடி. நான் யாரோவாயிட்டேன்ல, அதான்."

"சொல்ல வந்தேன் மணியம்மா. சத்தியமா வந்தேன். நீ சேல கலரு பேசிக்கிட்டிருந்த."

"நான் பேசுனா நீ வாய மூடிக்குவியா? என்னிக்கி மூடியிருக்க?"

சப்பாத்தைக் கழற்றி, கட்டை அவிழ்த்துப் புண்ணைப் பார்த்ததும் மணியம்மாவின் திட்டு நின்றுவிட்டது. நாலு நாளில் இப்படி ஆகுமென்று அவள் நினைக்கவில்லை. ஓரத்தில் விரல் வைத்து லேசாக அழுத்தினாள்.

"வலிக்குதாடி?"

"தெரியல" என்றாள் பவளம்.

மணியம்மாவின் உதடு கோணியது. கண்ணைத் தோள்பட்டையில் துடைத்துக்கொண்டாள். "உனக்குத் தெரியாட்டிப் போவுது. எனக்கு வலிக்குதுடி."

பவளம் அவளைத் தேற்றவில்லை. வேனைப் பார்த்த ஆறு வயசிலிருந்து அடக்கிவைத்திருந்ததையெல்லாம் சேர்த்து, கொட்டகையில் எல்லார் முன்னாலும், ஓவென்று அழுதாள். மணியம்மா அழவிட்டாள். காலை மட்டும் விடவில்லை. உஷா பக்கத்தில் உட்கார்ந்து புதுத் துணியைக் கிழித்துக் கொடுக்க, எப்படிக் கட்ட வேண்டும் என்று கேட்டுக் கேட்டுக் கட்டினாள்.

முனியாண்டி கங்காணி வெளியே நின்று, "நேரமாச்சு, கூடையத் தூக்குங்க!" என்று குரல் கொடுத்தார்.

மணியம்மா முடிச்சை இறுக்கினாள். "தைக்குள்ள இந்தப் புண்ணு ஆறணும், இப்பவே சொல்லிட்டேன். பந்தல்ல நொண்டிக்கிட்டு நிக்கிற சம்பந்தி எனக்கு வேணாம்" என்றாள். பிறகு தன் இரண்டு காலையும் நீட்டிப் பவளத்தின் மடியில் போட்டாள். "ம், பாரு. எனக்குக் கடிச்சாத் தெரியும், சீக்கிரம் பாரு."